ஏழு திரைகளும் ஒரு கணிப்பொறிப் பாடமும்

கணிப்பொறி இல்லாமல் கணிப்பொறி அறிவியலைக் கற்றுக்கொடுக்க முடியுமா? முடியும். ஆறாம், ஏழாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு அப்படித் தொடங்குவதே நல்லது. எந்திரம் எதிரில் இருந்தால் கவனமெல்லாம் விசைப்பலகைக்கும் மவுசுக்கும் போய்விடும்; உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்வியே எழாது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நீங்களே இந்தப் பாடத்தை நடத்தலாம். வேண்டியவை ஏழு அட்டைகளும் ஒரு பேனாவும்.

1984ஆம் ஆண்டில் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு ‘பிபிசி மைக்ரோ’ கணிப்பொறிகளை வழங்கியது. அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. அந்த எந்திரங்களும் அவற்றின் விசைகளும் பழங்கதையாகிவிட்டன. ஆனால் அவற்றுக்குள் ஓடிய எண்முறை இன்றும் அப்படியே இருக்கிறது. நாம் கற்பிக்கப் போவது அதைத்தான்.

நெய்வேலிக்கு அருகிலுள்ள வடலூரில், 1872இல் வள்ளலார் ஏற்படுத்திய சத்திய ஞான சபையைப் பார்த்திருப்பீர்கள். தைப்பூசத்தன்று அங்கே ஏழு நிறத் திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதியைக் காட்டுவார்கள். நமக்கு இங்கே வேண்டியது ஒரு கணக்கு மட்டும். ஏழு திரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் திறந்திருக்கலாம் அல்லது மூடியிருக்கலாம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். மொத்தம் எத்தனை வகையான நிலைகள் வரும்?

பதினான்கு என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும், உடனே திருத்தாதீர்கள். ஒரு திரையில் தொடங்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு 2 நிலைகள். இரண்டாவது சேர்ந்தால் 4. மூன்றாவது சேர்ந்தால் 8. ஒவ்வொரு திரையும் முந்தைய எண்ணிக்கையை இரட்டிக்கிறது. ஏழாவதில் 128.

இப்போது அட்டைகளில் 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதி, ஏழு பிள்ளைகளை இடமிருந்து வலமாக நிறுத்தி, ஆளுக்கு ஒன்று கொடுங்கள். அட்டை தெரிந்தால் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும். திருப்பிப் பிடித்தால் கூட்டக் கூடாது. “13” என்று கூவுங்கள். 8, 4, 1 மட்டும் தெரிய வேண்டும். பிறகு 100 கேளுங்கள். சற்று நேரம் குழப்பமும் சிரிப்புமாக இருக்கும். பின்னர் 64, 32, 4 வந்துவிடும். நியூசிலாந்தின் டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் இத்தகைய எந்திரமில்லா விளையாட்டுகளைத் தொகுத்துப் பரப்பியவர்கள்.

பத்து நிலைகள் இல்லாமல் ஏன் இரண்டே நிலைகள்? புத்திசாலிப் பிள்ளை யாராவது இதைக் கேட்டே தீர்வார். மின்சுற்றில் 5 வோல்ட்டைப் பத்துப் படிகளாகப் பிரித்தால் ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரை வோல்ட்தான். சிறு தடுமாற்றத்திலும் 6 என்பது 7 ஆகிவிடும். இரண்டே நிலைகள் என்றால் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. பிழை எளிதில் நுழையாது.

அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டில் ‘ஆஸ்கி’ என்ற குறியீட்டு முறையை வகுத்தவர்களும் ஏழு ‘திரை’களைத்தான் வைத்தார்கள். ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள், எந்திரத்துக்கான சில கட்டளைகள் எல்லாம் அந்த 128 இடங்களில் அடங்கின. ஆங்கிலப் பெரிய ‘ஏ’வுக்கு எண் 65. அதாவது 64, 1 ஆகிய இரண்டு அட்டைகள் மட்டும் தெரியும்.

தமிழுக்கு அங்கே இடமில்லை. நம் எழுத்துகள் 247. எட்டாவது அட்டையைச் சேர்த்து 256 ஆக்கினாலும், ஆங்கிலத்துக்கு 128 போனால் மிஞ்சுவது 128தான். ஆகவே தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு வரிசையில் எழுத்துகளை அடுக்கினார்கள். ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவரின் எந்திரத்தில் புரியாத குறிகளாக வந்து நின்றது. 1991இல் வந்த யூனிகோடு முறையிலும் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்களே. ஆனால் அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. உயிர், அகரமேறிய மெய், உயிர்மெய்க் குறிகள், புள்ளி இவற்றுக்கு மட்டும் எண் கொடுத்தார்கள். ‘கி’ என்பது ‘க’வும் இகரக் குறியும். ‘ர்’ என்பது ‘ர’வும் புள்ளியும்.

இதனால் ஒரு வேடிக்கை நிகழ்கிறது. ‘வடலூர்’ என்பதில் நமக்கு நான்கு எழுத்துகள். கணிப்பொறியோ வ, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஆறு என்கிறது. ‘நெய்வேலி’யும் நமக்கு நான்குதான், அதற்கு எட்டு! கடவுச்சொல்லின் நீளத்தைக் கணக்கிடும்போதோ குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கட்டம் போடும்போதோ இது எத்தனை தொல்லை தரும் என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் கொண்டு நிரல் எழுதுபவருக்கு இது தோன்றவே தோன்றாது.

இதைச் சரிசெய்யும் விதியைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். ‘ஒவ்வொன்றாகப் பார்; உயிர்மெய்க் குறியோ புள்ளியோ வந்தால் எண்ணாதே; மற்றவற்றை எண்ணு’ என்ற அளவில் யாராவது சொல்லிவிடுவார்கள். அதுதான் அவர்களுடைய முதல் நிரல். அவரவர் பெயரில் அதைச் சோதித்துப் பார்க்கட்டும். வகுப்பில் ஒரு லக்ஷ்மி இருந்தால் பாடம் இன்னும் சூடுபிடிக்கும். ‘க்ஷ்’ என்பது க, புள்ளி, ஷ, மறுபடியும் புள்ளி. நாம் ஒன்று என்போம். விதி எத்தனை என்கிறது?