மே மாதத்தைப் பார்க்காதே, ஜூலையைப் பார்

குன்னூரில் சிம்ஸ் பார்க்குக்கு மேலே என் வீடு. முப்பது வருஷம் விமானக் கம்பெனிகளில் எந்த ஊருக்கு எந்த விமானத்தை விடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தவன் நான். சின்ன ஏர்போர்ட்டுகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் அவ்வப்போது மலையேறி வருகிறார்கள். விசிட்டிங் கார்டில் 'ரூட் டெவலப்மெண்ட்' என்று இருக்கும், அதாவது ஏர்போர்ட்டுக்குப் புது விமானத் தடம் பிடிக்கும் வேலை. டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்: "ஐயா, ஊட்டிக்கு எப்போது விமானம் வரும்?" அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

1. ஊட்டிக்கு ஏர்போர்ட் கேட்காதே. 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிசு, நீளமான சமநிலம் கிடையாது, மூடுபனி நேரம் பார்த்து வராது. சிம்லாவைப் பார். 2017 ஏப்ரலில், சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் முதல் விமானமே டெல்லிக்கும் சிம்லாவுக்கும் இடையில்தான் பறந்தது. 48 இருக்கை கொண்ட ஏடிஆர் விமானம். அந்தக் குட்டை ஓடுபாதையில் கிளம்பும்போது எடையைக் குறைத்தாக வேண்டும் என்பதால் பாதி இருக்கைக்குக்கூட ஆளை ஏற்ற முடியவில்லை. நம் மலையில் தீட்டுக்கல்லில் ஹெலிகாப்டர் இறங்க இடம் இருக்கிறது. இருந்தும் 2024 நவம்பரில் வானிலை ஒத்துழைக்காமல் குடியரசுத் தலைவரே கோவையிலிருந்து காரில்தான் உதகைக்கு வந்தார். நீலகிரிக்கு ஏர்போர்ட் ஏற்கனவே இருக்கிறது, கோவை பீளமேட்டில். 1940-லிருந்து இருக்கிறது.

2. மாவட்ட எல்லையை வைத்து ஆள் கணக்குப் போடாதே. வளைகுடாவுக்குப் போகிற கூடலூர், பந்தலூர்க்காரர் ஊட்டிப் பக்கம் திரும்பவே மாட்டார். நாடுகாணி இறங்கி, நிலம்பூர் வழியாகக் கரிப்பூர் ஏர்போர்ட்டுக்குப் போய்விடுவார். மைசூரின் மண்டகள்ளி ஏர்போர்ட் வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் பந்திப்பூர் சாலையை ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடிவிடுவார்கள். சாயங்கால விமானத்தில் மைசூரில் இறங்குகிறவன் ஊட்டிக்கு எப்படி வருவான்? ஏர்போர்ட்டைச் சுற்றி காம்பஸ் வைத்து வட்டம் போட்டு 'எங்களுக்கு இத்தனை லட்சம் மக்கள்' என்று எழுதுகிற பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. மலை நாட்டில் வட்டம் கிடையாது. சாலை எங்கே இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் ஆளும் இறங்குவான்.

3. யார் போகிறார், எதற்குப் போகிறார் என்று கேள். கம்ப்யூட்டரில் வருகிற டிக்கெட் கணக்கில் இது இருக்காது. டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு வாரம் உட்கார். லவ்டேல் பள்ளிக்கூடம் திறக்கிற நாளும் மூடுகிற நாளும் டிரைவர்களுக்கு மனப்பாடம். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு வருஷா வருஷம் புதுத் தொகுதி அதிகாரிகள் குடும்பத்தோடு வருவார்கள். வெளிநாட்டு அதிகாரிகளும் உண்டு. இன்னொரு கூட்டம் எந்தக் கணக்கிலும் வராது. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்து தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள், பேரன் பேத்திகள். கண்டியிலும் ஹட்டனிலும் இன்னும் சொந்தம் இருக்கிறது. கல்யாணம், சாவு என்றால் கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறித் திருச்சி போய்க் கொழும்பு விமானம் பிடிப்பவர்கள் இதில் உண்டு. திருச்சி கணக்கில் அவர்கள் திருச்சிக்காரர்கள்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட தடம் ஒன்றைக் காட்டச் சொன்னால் சென்னை–யாழ்ப்பாணத்தைக் காட்டுவேன். யாழ்ப்பாணத்துப் பலாலி ஏர்போர்ட்டுக்கு 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் தொடங்கியது. கொரோனாவில் நின்றது. 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. ஓடுபாதை சின்னது, ஏடிஆர்தான் இறங்கும். சுற்றுலா விளம்பரமா அதை நிரப்புகிறது? கனடாவிலும் லண்டனிலும் சுவிட்சர்லாந்திலும் இருக்கிற பிள்ளைகள் சென்னை வழியாக ஊருக்கு வருகிறார்கள். இங்கே ஆஸ்பத்திரிக்கும் கல்யாணப் புடவைக்கும் கோயிலுக்கும் அந்தப் பக்கத்தார் வருகிறார்கள். கொழும்பு போய்ச் சுற்றிவரும் ஒரு முழு நாளை அந்த விமானம் மிச்சப்படுத்துகிறது. காசு கொடுப்பது அந்த ஒரு நாளுக்காக.

4. இப்போது தலைப்புக்கு வருகிறேன். மலர்க் கண்காட்சி நேரத்தில் ஊட்டியைப் பார்த்தவன் பத்து விமானம் விடலாம் என்பான். கூட்டம் தாங்காமல் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. அடுத்த வருஷம் நீதிமன்றம் வரம்பே வைத்தது: வாரநாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000. ஒரு பையன் இந்த எண்ணை நான்கால் பெருக்கி, அதில் ஐந்து சதவீதம் விமானத்தில் வருவார்கள் என்று திரையில் படம் போட்டுக் காட்டினான். தம்பி, காரில் வருகிறவன் குடும்பத்தையும் புளிசாதத்தையும் ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வருகிறான். நாலு டிக்கெட் எடுத்து, கோவையில் இறங்கி, மறுபடி டாக்ஸிக்குக் கொடுப்பானா?

சரி, கொஞ்சம் பேர் வருகிறார்கள் என்றே வைத்துக்கொள். எழுபது இருக்கை ஏடிஆர். வெள்ளிக்கிழமை வரும்போது எழுபதும் நிறையும், திரும்பும்போது இருபது. ஞாயிற்றுக்கிழமை இது அப்படியே தலைகீழ். ஆக, முழு விமானம் என்று நீ பார்த்தது உண்மையில் 140 இருக்கைக்குத் தொண்ணூறு பேர். இது மே மாதத்து நிலவரம். ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து, தேவாலாவில் கொட்டு கொட்டென்று கொட்டும்போது, செவ்வாய்க்கிழமை அந்த விமானத்தில் யார் உட்காருவார்? அந்தப் பெயர்களை எழுது. பம்ப்செட் வியாபாரி, நூல் மில்காரர், திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர், ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளி. எல்லாரும் கோவைப் பக்கத்து ஆட்கள். விமானத்தை வருஷம் முழுக்கச் சுமப்பது அவர்கள்தான். ஊட்டி மேலே தூவுகிற கொத்தமல்லி. குழம்பு இல்லாத ஊரில் கொத்தமல்லியை மட்டும் வைத்து ரூட் கேட்காதே.

5. நேரம். காலை ஆறு மணி விமானம் கோவைக்காரருக்கு அமிர்தம். ஊட்டிக்காரர் அதைப் பிடிக்க ராத்திரி ஒரு மணி வாக்கில் கிளம்ப வேண்டும். சீசனில் குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று சாலையை ஒருவழியாக்கிவிடுவார்கள். நவம்பரில் மண் சரிந்தால் பர்லியாறில் பாதி நாள் போய்விடும். கால அட்டவணை போடுகிறவன் ஒருமுறையாவது அந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவில் சுற்றி, வாந்தி எடுத்துவிட்டுப் போடட்டும்.

6. மானியத்தை நம்பு, ஆனால் தேதியைப் பார். உடான் நல்ல திட்டம்தான். பாதி இருக்கைக்குக் கட்டண வரம்பு, ஒரு மணி நேரப் பறப்புக்குத் தொடக்கத்தில் சுமார் 2,500 ரூபாய். அதனால் வரும் பற்றாக்குறைக்கு மூன்று வருஷம் அரசு கைகொடுக்கும். அந்த மூன்று வருஷமும் போட்டி கிடையாது. நாலாவது வருஷம்? மத்திய கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கையில், மூன்றாம் சுற்று வரை ஒப்படைத்த தடங்கள் 774. பறக்கத் தொடங்கியவை 371. மூன்று வருஷத்தை முழுசாக முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. இந்த நான்கு எண்ணையும் உன் மேஜையில் ஒட்டி வை. நம் பக்கத்துச் சேலத்தையே எடுத்துக்கொள். காமலாபுரத்தில் 1993-ல் ஏர்போர்ட் திறந்தது. பல வருஷம் பூட்டித்தான் கிடந்தது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது. 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. ஓடுபாதை அதேதான், ஊரும் அதேதான். தொடங்குவதற்கும் நிற்பதற்கும் காரணம் பெரும்பாலும் வேறெங்கோ, கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதையும் படி.

7. டெர்மினல் கட்டினால் விமானம் வராது. இலங்கையின் மத்தல ஏர்போர்ட்டைப் பார். 2013-ல் திறந்தார்கள், 2015 ஜனவரியில் சொந்த நாட்டு விமானமே கிளம்பிப் போய்விட்டது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

8. கம்பெனிக்காரர்களைப் பார்க்கப் போகும்போது தேயிலைத் தோட்டப் படம் எடுத்துக்கொண்டு போகாதே. உலக மாநாடுகளில் ஒரு ஏர்போர்ட்டுக்குக் கிடைப்பது இருபது நிமிஷம். அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். எல்லா ஊர்க்காரரும் தங்கள் ஊர் அழகு என்றுதான் சொல்வார்கள். என் தலைக்குள் ஓடுகிற கேள்வி வேறு: இந்த விமானத்தை இந்த இரண்டு மணி நேரத்துக்கு எங்கிருந்து பிடுங்கி உனக்குத் தருவது? அங்கே எனக்கு வருகிற காசைவிட இங்கே எவ்வளவு கூட? இதற்கு ஒரு தாளில் பதில் வைத்திருந்தவர்கள் என் அனுபவத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒரு தடவை, ஏர்போர்ட் ஆளே இல்லை, ஊர் வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் ஒருவர் கோடு போட்ட நோட்டுடன் வந்தார். தன் ஊரில் மாதம் எத்தனை பேர் எந்த ரயிலில் ஏசி டிக்கெட் எடுக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கிடைக்காமல் போகிறது என்று எழுதியிருந்தார். அந்த நோட்டைத்தான் நான் முதலாளியிடம் காட்டினேன்.

9. என் தப்பு ஒன்று. ஊர் பேர் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். முதல் விமானம் இறங்கியது. தீயணைப்பு வண்டி இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சியது. நாதஸ்வரம், சந்தனம், எம்எல்ஏ. நான் மாலையோடு நின்றேன். மூன்றாவது வாரம் அந்த ஊரிலேயே ஆட்டோக்காரரிடம் ஏர்போர்ட் போக வேண்டும் என்றேன். "அங்கே எதுக்குங்க, ஏதாச்சும் வேலை நடக்குதா?" என்றார். விமானம் வருகிற செய்தியே அவருக்குத் தெரியாது. விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணம் முழுக்க விழாவுக்குப் போயிருந்தது. எட்டு மாதத்தில் மூடினோம். மூடுகிற அன்று ஐந்து பேர் வந்திருந்தார்கள், அதில் மூன்று பேர் எங்கள் ஊழியர்கள்.

10. அவசரப்படாதே என்று சொல்ல எனக்கு இந்த நீலகிரி ரயில் போதும். மலை ரயிலுக்கு முதல் திட்டம் போட்டது 1854-ல். குன்னூர் வந்தது 1899-ல், உதகைக்கு ஏறியது 1908-ல். ஆனால் உன் மேலதிகாரி ஐம்பத்து நாலு வருஷம் பொறுக்க மாட்டார், அது எனக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கான எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசு.

11. அடுத்த தடவை என்னைப் பார்க்க வந்தால் ஜூலையில் வா. காரில் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் இறங்கி அரசு பஸ்ஸில் ஏறு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே போய்விட்டு வருகிறார் என்று கேள். குடை எடுத்துக்கொள்.