கெல்லி நாட்டில் பெட்டி தேடுவோர்க்கு ஒரு வழித்துணை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்ன் நகரிலிருந்து ஹ்யூம் நெடுஞ்சாலை வழியே வடகிழக்காகச் சுமார் 230 கி.மீ. சென்றால் கிளென்ரோவன் என்ற சிற்றூர் வரும். 1880 ஜூன் 28ஆம் தேதி விடியற்காலையில், கலப்பைத் தகடுகளை வளைத்துச் செய்த இரும்புக் கவசத்தை அணிந்துகொண்டு நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரர் போலீஸாரை எதிர்த்து நின்றதும், காலில் குண்டுபட்டு வீழ்ந்து பிடிபட்டதும் அவ்வூரில்தான். இன்று அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர், கடைத்தெருவில் ஆறு மீட்டர் உயரத்துக்கு நிறுத்தி வைத்திருக்கும் கெல்லி சிலையின் முன் புகைப்படம் எடுத்துக்கொண்டு, ரயில் பாதையை ஒட்டியுள்ள உண்மையான போர்க்களத்தில் கால் வைக்காமலே திரும்பிவிடுகிறார்கள். சரித்திர ஸ்தலத்தை அதன் நிஜமான மண்ணிலே நின்று பார்க்க விரும்புகிறவர்க்கு ஜியோகேச்சிங் என்னும் பொழுதுபோக்கைப் போல உதவக்கூடிய வேறொன்றை நான் அறியேன். ஆகவேதான் அதைச் செய்யும் முறையை இங்கே விரிவாகச் சொல்ல முற்படுகிறேன்.

செயற்கைக்கோள் சமிக்ஞைகளில் வேண்டுமென்றே புகுத்தி வந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. பொதுமக்களின் ஜிபிஎஸ் கருவிகளும் ஒரே நாளில் துல்லியம் பெற்றன. மே 3ஆம் தேதியன்று டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டோரத்தில் ஒரு வாளியை வைத்து, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வெளியிட்டார். அன்று பிறந்த விளையாட்டு இது. ஒருவர் நீர் புகாத பெட்டி ஒன்றில் பதிவேட்டை இட்டு மறைத்து வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் அறிவிப்பார். மற்றவர்கள் தேடிச் சென்று, பதிவேட்டில் பெயரும் தேதியும் எழுதி, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு வருவார்கள். பெரிய பெட்டிகளில் சிறு பொருள்களும் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமானதையோ மேலானதையோ வைக்க வேண்டும் என்பது மரபு.

முதற்படி, பெட்டியை அன்று, இடத்தைத் தேர்ந்தெடுப்பது. புஷ்ரேஞ்சர்கள் என்று சரித்திரம் குறிப்பிடும் வழிப்பறிக்காரர்கள், தொடக்கத்தில் தண்டனைக் கைதிகளாக வந்து புதர்க்காட்டுக்குள் தப்பியோடியவர்களாகவும், 1851இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர்த் தங்கவண்டிகளையும் வங்கிகளையும் கொள்ளையடித்தவர்களாகவும் இரு மாநிலங்கள் நெடுகத் தடம் பதித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே பிரயாணத்தில் பார்த்துவிட எண்ணுகிறவர் ஒன்றையும் உருப்படியாகப் பாரார். புதிதாகத் தொடங்குகிறவர்க்கு வடகிழக்கு விக்டோரியாவாகிய கெல்லி நாடே உகந்தது என்பது என் அபிப்பிராயம். மான்ஸ்ஃபீல்டில் தொடங்கி, டால்மி மலைப்பகுதியில் ஸ்டிரிங்கிபார்க் ஓடையையும், அங்கிருந்து விட்ஃபீல்டுக்கு இறங்கும் வழியில் பவர்ஸ் லுக்அவுட் என்ற காட்சி முனையையும், பின்னர்க் கிளென்ரோவனையும், முடிவில் பீச்வொர்த்தையும் பார்க்கும்படி இரண்டு நாட்களை ஒதுக்கிக்கொண்டால், ஏறக்குறைய சம்பவங்கள் நிகழ்ந்த வரிசையிலேயே அவற்றைக் காணலாம்.

இரண்டாவது படி வாசிப்பு. இதைத் தவிர்த்துவிட்டுப் போகிறவர்க்குக் கிடைப்பது பிளாஸ்டிக் டப்பா ஒன்றே. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டிரோவ் என்னும் இணையத் தொகுப்பில் அக்காலத்துப் பத்திரிகைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். விக்டோரியா அரசு ஆவணக் காப்பகமும் கெல்லி வழக்கு ஆவணங்களை வெளியிட்டிருக்கிறது. படிக்கும்போது இரு தரப்பையும் படிக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வறிய ஐரிஷ் குடியானவர்கள் நிலத்துக்காகப் பட்ட பாட்டையும், போலீஸாரிடம் பட்ட தொல்லையையும், 1879இல் ஜெரில்டெரியில் வங்கியைக் கொள்ளையடித்தபோது கெல்லி விட்டுச் சென்ற, அவர் சொல்லக் கூட்டாளி ஜோ பர்ன் எழுதிய நீண்ட கடிதம் கொதிப்போடு பேசுகிறது. ஆனால் 1878 அக்டோபர் 26ஆம் தேதி ஸ்டிரிங்கிபார்க் ஓடைக்கருகே சார்ஜண்ட் கென்னடி, கான்ஸ்டபிள்கள் லானிகன், ஸ்கான்லன் ஆகிய மூவர் கெல்லி கூட்டத்தாரால் சுட்டுக் கொல்லப்பட்டதையும், மக்கின்டயர் என்பவர் ஒருவரே உயிர் தப்பிச் செய்தி கொண்டுவந்ததையும், அம்மூவருக்காக 1880இல் மான்ஸ்ஃபீல்டு நகரின் நடுவே எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தையும் அறியாமல் கெல்லியை வீரனென்று கொண்டாடுவது அரைகுறைச் சரித்திரமாகும். மான்ஸ்ஃபீல்டிலிருந்து தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதாகக் கருவி. தனி ஜிபிஎஸ் கருவி இருந்தால் நல்லது. கைபேசிச் செயலியே போதும் என்பதும் உண்மை. ஆனால் டால்மி மலையில் கைபேசித் தொடர்பு நம்பத்தக்கதன்று. வரைபடத்தையும், தேடப்போகும் பெட்டிகளின் விவரங்களையும் வீட்டிலேயே இறக்கிக்கொண்டு, உபரி மின்கலமும் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். எண்களைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த விளையாட்டில் இடம் பாகையாகவும், கலையாகவும், கலையின் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறிக்கப்படும். அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 1.85 மீட்டர் விலகும். கிளென்ரோவன் தெற்கு 36 பாகை 27 கலையிலும் கிழக்கு 146 பாகை 13 கலையிலும் இருக்கிறது. தெற்கு என்பதைக் குறிக்கும் கழித்தல் குறியை விட்டுவிட்டால், கருவி ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக் சமுத்திரத்தின் நடுவே வழிகாட்டும்!

பழைய நிலப்படங்களிலிருந்தும் பழைய புத்தகங்களிலிருந்தும் எண்களை எடுக்கிறவர்கள் மற்றொன்றிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1966ஆம் ஆண்டு அளவை முறைப்படி அச்சிட்ட படங்களுக்கும், ஜிபிஎஸ் பின்பற்றும் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறைக்கும் இடையே ஏறக்குறைய 200 மீட்டர் வித்தியாசம் உண்டு. ஓடைக்கு இக்கரையா அக்கரையா என்பதே சரித்திர ஆராய்ச்சியாளரிடையே விவாதமாக இருக்கும் ஸ்டிரிங்கிபார்க் போன்ற இடத்தில், 200 மீட்டர் என்பது சிறிய தூரமன்று. படத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவை முறையின் பெயரை முதலில் பார்த்து, கருவியின் அமைப்பை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிறகு, தேடப்போகும் பெட்டியின் விவரப் பக்கத்தைப் பொறுமையாகப் படியுங்கள். தேடுவதன் சிரமத்துக்கும் நிலத்தின் கடுமைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை தனித்தனியே மதிப்பெண் கொடுத்திருப்பார்கள். நிலத்தின் மதிப்பெண் மூன்றைத் தாண்டினால் குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்லலாகாது. கடைசியாக வந்தவர்கள் எழுதிய குறிப்புகளையும் பாருங்கள். மூவர் நால்வர் தொடர்ந்து கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால், பெட்டி தொலைந்துபோயிருக்கவே வாய்ப்பு மிகுதி. பெட்டிகளில் பல வகை உண்டு. நேராக ஓரிடத்துக்கு அழைத்துச் செல்வது ஒன்று. அறிவிப்புப் பலகைகளிலும் கல்வெட்டுகளிலும் உள்ள ஆண்டுகளைக் கூட்டியும் கழித்தும் அடுத்த இடத்தைக் கண்டுபிடிக்கச் செய்யும் பலகட்டப் பெட்டி மற்றொன்று. பெட்டியே இல்லாமல், அங்கே நின்று பார்த்தாலன்றி விடை சொல்ல முடியாத கேள்வியை மட்டும் வைத்திருப்பது இன்னொன்று. சரித்திர ஸ்தலங்களுக்குப் பின்னிரண்டுமே மிகப் பொருத்தமானவை என்பேன்; பலகையைப் படிக்காமல் ஓடிவிட அவை இடம் தருவதில்லை. பிடிபட்ட கெல்லி 1880 ஆகஸ்டில் ஆரம்ப விசாரணைக்காக நிறுத்தப்பட்ட நீதிமன்றமும் சிறைச்சாலையும் உள்ள பீச்வொர்த் நகரம், இத்தகைய பலகட்டத் தேடலுக்கென்றே அமைந்தது போன்றது.

ஸ்தலத்துக்கு வந்து சேர்ந்ததும், கருவி பத்து மீட்டர் என்று காட்டும்போது அதைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுங்கள். திறந்த வெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிழை இருக்கும். யூகலிப்டஸ் மரங்களின் கீழே இன்னும் கூடும். அதன்பின் வேலை செய்ய வேண்டியது கண். இயற்கைக்கு மாறாக அடுக்கிய கற்கள், பட்டைகளைச் சார்த்தி மூடிய மரப்பொந்து, தேவையில்லாத இடத்தில் இருக்கும் ஆணி, வேலியின் இரும்புத் தூணில் காந்தத்தால் ஒட்டிய சிறு குப்பி ஆகியவற்றைக் கவனியுங்கள். எந்தப் பெட்டியும் தோண்டி எடுக்கும்படி புதைத்து வைக்கப்படுவதில்லை. ஆகவே மண்வெட்டிக்கும் உலோகம் கண்டறியும் கருவிக்கும் இங்கே வேலையில்லை. கிளென்ரோவனில் ஆன் ஜோன்ஸ் என்பவரின் விடுதி நின்ற மண்ணில் 2008இல் தொல்லியல் அகழாய்வே நடந்திருக்கிறது. கெல்லி கூட்டத்தாரைப் போலீஸார் முற்றுகையிட்ட அக்களம் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. அங்கே ஒரு தோட்டா உறையைக் கூட இடம்பெயர்க்க நமக்கு உரிமையில்லை. பாறைக் குகைகளிலும் அவ்வாறே. அவற்றில் பல, புஷ்ரேஞ்சர்களுக்கு ஒளிவிடமாவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே ஆதிகுடிகளின் வாசஸ்தலங்களாக இருந்தவை.

கிளென்ரோவனில் சற்று அதிக நேரம் நில்லுங்கள். போலீஸாரின் தனி ரயிலைக் கவிழ்ப்பதற்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, ஊராரில் ஏறத்தாழ அறுபது பேரை விடுதியில் அடைத்து வைத்திருந்தார்கள் கெல்லியும் கூட்டாளிகளும். அவர்களிடம் நல்ல வார்த்தை பேசி வீடு திரும்பிய தாமஸ் கர்னோ என்ற பள்ளி ஆசிரியர், சிவப்புத் துணிக்குப் பின்னே மெழுகுவத்தியைப் பிடித்து இருளில் ரயிலை நிறுத்தினார். முற்றுகையில் ஜோ பர்ன், டான் கெல்லி, ஸ்டீவ் ஹார்ட் ஆகியோர் மடிந்ததைப் பலரும் சொல்வார்கள். விடுதிக்காரியின் மகனான பதின்மூன்று வயதுச் சிறுவன் ஜான் ஜோன்ஸும் குண்டுக்கு இரையானதைச் சொல்பவர் சிலரே. பதிவேட்டில் பெயரெழுதும்போது அச்சிறுவனையும், அந்த ஆசிரியரையும் நினைத்துக்கொள்வது நியாயம்.

இதைவிட முக்கியமான மற்றொரு மரியாதை இருக்கிறது. 1880 நவம்பர் 11ஆம் தேதி மெல்போர்னில் தூக்கிலிடப்பட்ட கெல்லியின் எச்சங்கள், 2013 ஜனவரியில்தான் கிரேட்டா மயானத்தில் உறவினர்களால் அடக்கம் செய்யப்பட்டன. கல்லறைக்கு அடையாளக் கல் இல்லை. அதைத் தேடி அலைவதும், அந்த மண்ணில் பெட்டி நாடுவதும் கூடாது. பொதுவாகவே மயானத்துக்குள் கல்லறைகளுக்கிடையே துழாவுவது தகாது. வாயிற்கதவுக்கு வெளியே பெட்டி இருந்தால் மட்டும் தேடலாம். ஸ்டிரிங்கிபார்க் நினைவிடத்திலும் கூச்சலும் விளையாட்டும் வேண்டாம். கொல்லப்பட்டவர்களின் சந்ததியார் இன்றும் அங்கே வருகிறார்கள்.

அபாயங்களைப் பற்றி. கோடையில் பாம்புகள் உண்டு. கொடிய விஷமுள்ள பழுப்புப் பாம்பும் புலிப்பாம்பும் அப்பிரதேசத்துக்குச் சொந்தமானவை. நீண்ட காற்சட்டையும் கணுக்காலை மூடும் பூட்ஸும் அணிந்து, எந்தப் பொந்திலும் கையை விடுமுன் கோலால் தட்டிப் பார்க்க வேண்டும். கடித்துவிட்டால் காயத்தைக் கழுவாமல், கை கால் முழுவதையும் அகலக் கட்டுத்துணியால் இறுகச் சுற்றி, கடிபட்டவரை அசையவிடாமல் வைத்து, 000 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் காட்டுப் பக்கமே போகாதீர்கள். காற்றடிக்கும்போது யூகலிப்டஸ் மரத்தின் கீழே நிற்கவோ காரை நிறுத்தவோ வேண்டாம். அதன் கிளைகள் முன்னறிவிப்பின்றி முறிந்து விழும். அந்தி வேளையில் கங்காருக்கள் சாலையைக் கடக்கும். இருட்டுமுன் ஊர் சேர்வது நலம். பண்ணைகளின் படல் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்ல வேண்டும்.

பெட்டி கிடைத்ததும் பெயரும் தேதியும் எழுதி, மூடியை நன்றாக அழுத்தி, எடுத்த இடத்திலேயே எடுத்த விதமாக மறைத்து வையுங்கள். இணையத்தில் குறிப்பு எழுதும்போது ஒளிவிடத்தை வெளியிடாதீர்கள். நனைந்த பதிவேடோ உடைந்த மூடியோ இருந்தால் பெட்டிக்கு உரியவருக்குத் தெரிவியுங்கள்.

சில தேடல்களுக்குப் பின்னர் நீங்களே ஒரு பெட்டி வைக்க ஆசைப்படுவீர்கள். நிலத்துக்கு உரியவரின் இசைவு முதலில் வேண்டும். அரசுப் பூங்காவாயின் அதன் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அருகிலுள்ள மற்றொரு பெட்டிக்கும் உங்களுடையதற்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. உணவுப் பண்டமும் கூரான பொருளும் உள்ளே வைக்கலாகாது. இது விளையாட்டுப் பெட்டி என்று வெளியே எழுதியிருந்தால், கண்டெடுப்பவர் வெடிபொருளென்று அஞ்சமாட்டார். இடத்தின் எண்களை ஒரே முறை எடுத்து முடித்துவிடாமல், வேறு வேறு நாளில் எடுத்துச் சராசரி காணுங்கள். விவரப் பக்கத்தில் எழுதும் சரித்திரத்தை உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தாரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறையாவது சென்று பராமரிக்க முடியாத தூரத்தில் வைக்காதீர்கள்.

கெல்லி நாட்டை முடித்தவர்கள் நியூ சவுத் வேல்ஸுக்குப் போகலாம். கேப்டன் தண்டர்போல்ட் என்று பெயர் பெற்ற ஃபிரெடரிக் வார்டு 1870 மே 25ஆம் தேதி சுடப்பட்டு இறந்த யுராலாவும், பென் ஹாலின் கல்லறை உள்ள ஃபோர்ப்ஸும், 1862இல் தங்கவண்டி கொள்ளைபோன யூகவ்ரா பாறைகளும் அங்கே இருக்கின்றன. பாம்புகள் அடங்கி, காட்டுத்தீயின் பயமும் தணிந்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களே இப்பிரயாணங்களுக்கு உகந்தவை. அதற்குமுன் ஒரு மாதமாவது படித்துவிட்டுப் புறப்படுங்கள்.