புது வீடு ரெடி... கொல்லைப்புறம்?

கடனை உடனை வாங்கி வீடு கட்டி, பால் காய்ச்சிக் குடியும் வந்தாச்சு. கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்தீர்களா? கட்டட வேலைக்கு வைத்திருந்த தண்ணீர்த் தொட்டி, காலி பெயின்ட் டப்பா, பிளாஸ்டிக் டிரம்... எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர் நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான். 7 முதல் 10 நாளில் முட்டை கொசுவாகிவிடும். அது கடிப்பதும் பெரும்பாலும் பகலில். அதாவது, குழந்தைகள் வெளியே விளையாடும் நேரத்தில்!

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வையுங்கள். வேண்டாததை அப்புறப்படுத்துங்கள்.

அடுத்தது தரை. சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவு கொடுங்கள். தண்ணீர் தேங்காது, சுவரில் ஓதமும் ஏறாது. முழுக்க சிமென்ட் பூசிவிடாமல் கொஞ்சம் மண்ணையும் விட்டு வையுங்கள். மழைநீர் உள்ளே இறங்கும். இரண்டு வாழையும் வைக்கலாம்.