எய்ட்ஸ் ஆய்வும் நம் சென்னையும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் மொழி. நோயுற்றவரை நாம் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கும் ஒரு பழமொழி இருந்திருக்கலாகாதா என்று நான் எண்ணுவதுண்டு. விலங்கியல் வகுப்பில் வைரஸ்களைப் பற்றிப் படித்தபோது எழுந்த அந்த எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில், வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி வைத்து ஒருவர் இஸ்திரி போட்டு வந்தார். நான் பள்ளியில் படித்த நாட்களில் அவருக்கு 'அந்த நோய்' என்றொரு பேச்சுக் கிளம்பிற்று. உண்மைதானா என்று யாரும் விசாரிக்கவில்லை. ஒரு மாதத்திற்குள் வண்டியில் துணி குறைந்துவிட்டது. எங்கள் வீட்டுத் துணிகளை அடுத்த தெருவுக்குச் சுமந்து சென்றவன் நானேதான். "என்ன தம்பி, இப்பல்லாம் துணியே வர்றதில்லையே?" என்று அவர் கேட்டபோது, "அம்மா வீட்டிலேயே போட்டுடறாங்க அண்ணே" என்று பொய் சொன்னேன். சில நாட்களில் வண்டியும் இல்லை; அவரும் இல்லை.

எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி., நம் உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்களுள் சி.டி.4 என்னும் வகையைத் தாக்கி அழிக்கிறது. காவல் குன்றவே காசநோய் போன்ற பிற நோய்கள் எளிதில் புகுகின்றன. பாதுகாப்பற்ற உடலுறவு, நோய்க்கிருமியுள்ள இரத்தம், தூய்மை செய்யப்படாத ஊசி, தாயிடமிருந்து சேய் ஆகியவையே இது பரவும் வழிகள். தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, கொசுக்கடியாலோ பரவுவதில்லை. இஸ்திரிப் பெட்டியால் பரவவே பரவாது.

1981-இல் அமெரிக்காவில் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோயை, 'இது மேல்நாட்டு நோய்; நம் நாட்டிற்கு வராது' என்றே இங்குப் பலரும் நம்பினர். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர்கள் சென்னையைச் சேர்ந்த இரு பெண்மணிகள். சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவுமே அவர்கள். பாலியல் தொழிலில் ஈடுபட்டதற்காகக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே பாதுகாத்து வைத்தார். 1986-இல் அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லப்பட்டன.

அங்குச் செய்யப்பட்டது எலிசா என்னும் சோதனை. இது வைரஸை நேரடியாகத் தேடுவதன்று. வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுவது. எதிர்ப்பொருள் இருந்தால் குழியில் நிறம் தோன்றும். ஆறு மாதிரிகளில் நிறம் தோன்றிற்று. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதனை உறுதி செய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது இவ்வாறுதான் வெளிப்பட்டது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆய்வு ஒரு பிரிவினரிடம் தொடங்கினால், அப்பிரிவினரே நோய்க்குக் காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. கிருமியோ சாதி, தொழில், நாடு எதனையும் பார்ப்பதில்லை. மேலும், தங்களுக்கு நடந்தது வேறொரு பால்வினை நோய்க்கான சோதனை என்றே அப்பெண்கள் எண்ணியிருந்தனர் என நிர்மலாவே பின்னாளில் கூறியிருக்கிறார். நாட்டுக்கே எச்சரிக்கை தந்தது அவர்கள் இரத்தம். ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அவர்கள் அறியார். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டது. சோதனைக்கும் ஆய்வுக்கும் உரியவரின் ஒப்புதல் வேண்டும். அவருடைய நிலையை வெளியிடலாகாது. வேலையிலும் குடியிருப்பிலும் அவரை ஒதுக்கலாகாது என்கிறது அச்சட்டம். முப்பதாண்டுப் படிப்பினை அதில் அடங்கியிருக்கிறது எனலாம்.

டாக்டர் சுனிதி 1993-இல் ஒய். ஆர். கெய்தொண்டே எய்ட்ஸ் ஆராய்ச்சி, கல்வி மையத்தைத் தொடங்கினார். தியாகராய நகரிலும், பின்னர் அடையாற்றை அடுத்த தரமணியிலும் அது இயங்கிற்று. சிகிச்சை, ஆலோசனை, ஆராய்ச்சி மூன்றும் அங்கு ஒருங்கே நடந்தன. பிரேசில் உள்ளிட்ட ஒன்பது நாடுகளில், கணவன் மனைவி போன்ற 1,763 இணையரிடம் நடந்த பேராய்வில் இம்மையமும் பங்கேற்றது. இணையருள் ஒருவருக்கு மட்டுமே கிருமி இருந்தது. அவருக்கு மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் மற்றவருக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011-இல் முடிவு வெளியாயிற்று. நோயாளிக்குத் தரும் மருந்தே பிறருக்கும் காப்பாகிறது என்பது இதன் பொருள். ஆகவே நோயாளி அஞ்சி ஒளியாமல் மருத்துவரிடம் வரவேண்டும். அவரை ஒளியச் செய்யும் ஊர், தனக்கே தீங்கு தேடிக்கொள்கிறது.

டாக்டர் சுனிதி சாலமன் 2015-இல் மறைந்தார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அந்த ஆறு பெண்களின் பெயர்களை நாம் அறியோம். அறிய வேண்டுவதும் இல்லை. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை அறிந்தால் போதும்.

அந்த இஸ்திரிக்காரருக்கு நோய் இருந்ததா என்பது எனக்கு இன்றும் தெரியாது. இருந்திருந்தாலும் என் சட்டையை அவரிடமே கொடுத்திருக்கலாம் என்பது மட்டும் இப்போது தெரியும். வேப்பமரம் அங்கேயேதான் நிற்கிறது. அவ்வழியே கல்லூரிக்கு வரும்போதெல்லாம் அந்தப் பொய் என் நினைவுக்கு வருகிறது. மாணவ நண்பர்களே, தேர்வுக்காகப் படிக்கும் பாடத்தைத் தெருவிலும் நினைவில் வைப்போம்.