நினைவும் உண்மையும்

திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையில், ஒரு பட்டறையின் கணினிகள் பலவும் ஓர் இயந்திர உறுப்பின் வரைபடத்தைப் பகிர்ந்து ஆள்வதாகக் கொள்வோம். ஒருவர் அளவைத் திருத்துகின்றார். மற்றொருவர் பழைய படத்தைக் கண்டு இரும்பை வெட்டுகின்றார். உழைப்பும் பொருளும் வீணாகும் அன்றோ?

இப்பிழை எங்ஙனம் நேரும்? கணினிக் கோப்பு ஒவ்வொன்றிற்கும் தனிக்குறிப்பு ஒன்று உண்டு. அளவு, உரியவர், திருத்திய நேரம் முதலியன அதில் அடங்கும். அதனை ஐநோடு என்பர். கோப்பு தொலைவிலுள்ள சேவையகத்தில் இருப்பின், அக்குறிப்பை ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெறுதல் காலத்தை விழுங்கும். ஆதலின், கணினி அதன் படியொன்றைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அப்படியில் பழைய நேரமே இருப்பின், கோப்பு மாறவில்லை என மயங்கிப் பழைய படத்தையே காட்டும்.

படிக்குக் காலவரம்பு இடுதல் ஒரு வழி. வரம்பு நீளின் பிழை மிகும்; குறுகின் வேகம் கெடும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமியும் துணைவரும் தோற்றுவித்த குளஸ்டர்எஃப்எஸ் என்னும் பகிர்வுக் கோப்பு முறையும் இவ்விடரை எதிர்கொண்டது. 2016-இல் வெளிவந்த அதன் 3.9 பதிப்பில் புதுவழி பிறந்தது. கோப்பை அண்மையில் அணுகிய கணினிகள் எவை என்பதைச் சேவையகம் குறித்துக்கொள்ளும்; கோப்பு மாறியதும் அவற்றிற்குச் செய்தி விடுக்கும்; அவை பழம்படியை நீக்கும். அதனால், ஒரு நொடியே வைத்திருந்த படியை 600 நொடி வரை வைத்திருத்தல் இயல்வதாயிற்று.

நினைவில் இருப்பதெல்லாம் அறிவாகாது. மாறியதை உரியவர்க்கு உடனே உரைத்தலும், பழையதைத் தயங்காது விடுதலும் கூடியவழியே நினைவு அறிவாகும்.