பழங்காசுகளை இனங்காணும் முறை

கோலார் தங்கவயலின் பழங்குடும்பங்கள் சிலவற்றில், பாட்டனார் காலத்துத் தகரப்பெட்டி ஒன்றில் பலவகைக் காசுகள் கலந்து கிடப்பதைக் காணலாம். இதில் வியப்பில்லை. 1880 ஆம் ஆண்டில் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்க வேலையைத் தொடங்கியபின், வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக வந்து குடியேறினர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியினரும் இத்தாலியரும் சுரங்கப் பணிக்கு வந்தனர். தொழிலாளர்களின் உறவினர் சிலர் இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் சென்று மீண்டனர். மனிதர் சென்ற வழியெல்லாம் காசும் சென்றது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைக்கும் நிலை உண்டாயிற்று. கைப்பொருள் குறையும் நாளில் தகரப்பெட்டி கடைக்குப் போவது இயல்பே. அப்பொழுது இருவகைத் தவறுகள் நேர்கின்றன. அரிய காசு ஒன்று வெறும் உலோக எடைக்கு விற்கப்படுவது ஒன்று. சாதாரணக் காசுக்கு இலட்சக்கணக்கில் விலை கிடைக்குமென நம்பி ஏமாறுவது மற்றொன்று. இவ்விரண்டையும் தவிர்க்கும் வழி, விலை பேசுமுன் காசு இன்னதென்று அறிந்துகொள்வதேயாகும். அதற்குரிய முறையை இக்கட்டுரையில் படிப்படியாக விளக்குவோம். வேண்டிய கருவிகள் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு காந்தம், கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் சிறு தராசு, ஒரு கிண்ணம் நீர் ஆகியவையே.

1. துலக்காதிருத்தல்

புளியும் சாம்பலும் இட்டுக் காசைத் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். இதனை அறவே விலக்க வேண்டும். செம்பின்மேல் படிந்த பழுப்பும் பசுமையும், வெள்ளியின்மேல் படிந்த கருமையும் காலம் இட்ட முத்திரைகள். அவற்றைத் தேய்க்கும்பொழுது எழுத்தின் விளிம்பும் உடன் தேய்கிறது. துலக்கிய காசை ஆராய்ச்சியாளரும் விரும்பார், சேகரிப்போரும் மதியார்.

2. எழுத்தை நோக்கல்

மொழிபெயர்ப்பவன் தன் கைக்கு வந்த ஏடு எம்மொழியினது என்பதை முதலில் காண்பான். காசை ஆராய்பவனும் அவ்வாறே செய்தல் வேண்டும். தென்னாட்டுக் காசில் பாரசீக எழுத்தைக் கண்டால் ஐதரலி, திப்பு சுல்தான் அல்லது ஐதராபாத் நிஜாம் காலத்தை எண்ணிப் பார்க்கலாம். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒருங்கே இருந்து, நடுவில் பனையினத்து மரம் ஒன்றும் காணப்பட்டால் அது இலங்கைச் சதமாகும். நடுவில் சதுரத் துளையும் சுற்றிலும் நான்கு சித்திர எழுத்துகளும் உடையது பெரும்பாலும் சீனக் காசு.

துளை கண்டவுடன் வெளிநாட்டுக் காசென்று முடிவு செய்தலும் தவறு. 1943 முதல் 1947 வரை, போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்தும் பொருட்டு இந்திய அரசே வட்டத் துளையுடன் காசு அடித்தது. நம் முதியோர் 'ஓட்டைக் காலணா' என்று கூறுவது அதனையே.

3. ஆண்டைக் கணித்தல்

காசிலுள்ள ஆண்டு கிறிஸ்தவ ஆண்டாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. ஹிஜ்ரி ஆண்டை 0.97 ஆல் பெருக்கி 622 ஐக் கூட்டினால் ஏறத்தாழ நம் ஆண்டு கிடைக்கும். சான்றாக, ஹிஜ்ரி 1200 என்பது 1786 ஐ ஒட்டியதாகும். நேபாளக் காசின் விக்ரம ஆண்டிலிருந்து 57 ஐயும், தாய்லாந்துக் காசின் புத்த ஆண்டிலிருந்து 543 ஐயும் கழிக்க வேண்டும். திப்பு சுல்தான் பிற்காலத்தில் மௌலூதி என்னும் புதிய ஆண்டுமுறையைக் கொணர்ந்து, அதன் இலக்கங்களை வலமிருந்து இடமாகப் பொறிக்கச் செய்தார். இதனை அறியாதவர் அவ்வாண்டைத் தலைகீழாகவே படிப்பர்.

பொறித்த ஆண்டும் அச்சடித்த ஆண்டும் எப்பொழுதும் ஒன்றல்ல என்பதையும் நினைவிற் கொள்க. ஆஸ்திரியாவின் மரியா தெரசா வெள்ளிக் காசு, அவ்வரசி மறைந்த 1780 என்னும் ஆண்டையே தாங்கிப் பிற்காலத்திலும் தொடர்ந்து அடிக்கப்பட்டது. நம் நாட்டிலும் 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் 1874 வரை அதே ஆண்டுடன் வெளிவந்தது. 1876 வரையுள்ள விக்டோரியா காசுகளில் 'குவீன்' என்றும், 1877 முதல் 'எம்பிரஸ்' என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருப்பதைக் காணலாம்.

4. சின்னமும் நாணயசாலைக் குறியும்

செம்புக் காசில் யானை நின்றால் திப்புவின் காசோ எனவும், வலம்புரிச் சங்கு இருந்தால் திருவாங்கூர்க் காசோ எனவும் ஆராயலாம். விரல்நுனியளவே உள்ள பொற்காசில் நரசிம்ம உருவம் தென்பட்டால், மைசூர் மன்னர் கண்டீரவ நரசராச உடையார் (1638–1659) வெளியிட்ட கண்டீரவப் பணமாக இருத்தல் கூடும்.

சிறு குறியும் பெரிய செய்தியைச் சொல்லும். இந்தியக் குடியரசின் காசுகளில் ஆண்டின் கீழே வைரக் குறி இருப்பின் மும்பையிலும், நட்சத்திரம் இருப்பின் ஐதராபாத்திலும், புள்ளி இருப்பின் நொய்டாவிலும் அடிக்கப்பட்டவை. கல்கத்தாவுக்குக் குறியில்லை. 1918 என்று பொறித்த ஆங்கிலப் பவுனில் குதிரை வீரனின் கீழுள்ள தரைப்பகுதியில் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து இருந்தால், அது பம்பாயில் அடிக்கப்பட்டதாகும்.

5. உலோகத்தை நீரால் அறிதல்

பொன்னை அதன் கனத்தால் பிரித்தறிவது தங்கவயலுக்குப் பழக்கமான செயலே. 1802 இல் வாரன் என்னும் இராணுவ அதிகாரி இப்பகுதிக்கு வந்தபொழுதே, ஊர் மக்கள் மண்ணை நீரில் அலசிப் பொற்றுகள் எடுத்துவந்தனர். மண்ணும் கல்லும் நீரோடு போக, பொன் அடியில் தங்கும். இதற்குக் காரணம் ஒப்படர்த்தி. ஒரு பொருள், தன் பருமனுக்குச் சமமான நீரைவிட எத்தனை மடங்கு எடையுள்ளது என்பதே ஒப்படர்த்தி எனப்படும். பொன்னுக்கு அது 19.3, வெண்கற்பாறைக்கு ஏறத்தாழ 2.65. வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.96, நிக்கலுக்கு 8.9, பித்தளைக்கு ஏறத்தாழ 8.5.

சோதனை எளியது. முதலில் காசை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்க. பின்னர் நீருள்ள கிண்ணத்தைத் தராசில் வைத்துச் சுழியத்துக்குக் கொணர்க. காசை மெல்லிய நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியையும் பக்கத்தையும் தொடாதவாறு நீரில் முழுதும் அமிழ்த்துக. அப்பொழுது தராசு காட்டும் எடை, காசு விலக்கிய நீரின் எடையாகும். முதல் எடையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருத்தலாகாது.

மூன்று ரூபாய்களை எடுத்துக்கொள்வோம். விக்டோரியா ரூபாய், 1940 களின் தொடக்கத்து ஆறாம் ஜார்ஜ் ரூபாய், 1947 இன் புலி உருவ ரூபாய் ஆகிய மூன்றும் தேயாத நிலையில் 11.66 கிராம் எடையுள்ளவை. எடையால் மட்டும் இவற்றை வேறுபடுத்த இயலாது. நீரில் இட்டாலோ முதலாவது ஏறத்தாழ 1.13 கிராம் நீரை விலக்கும், ஒப்படர்த்தி 10.3. இதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. இரண்டாவது 1.23 கிராம் விலக்கும், ஒப்படர்த்தி 9.5. 1940 இல் அரசாங்கம் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டமையே காரணம். மூன்றாவது 1.31 கிராம் விலக்கும், ஒப்படர்த்தி 8.9. இதில் வெள்ளி சிறிதுமில்லை. முழுதும் நிக்கலாதலால் காந்தத்திலும் ஒட்டும். மூன்றுக்கும் ஒரே விலை பெற்றவர் எவ்வளவு இழந்தார் என்பதை வாசகர்களே உணரலாம்.

தேயாத ஆங்கிலப் பவுன் 7.99 கிராம் எடையுள்ளது, ஒப்படர்த்தி 17.5 ஐ ஒட்டியிருக்கும். பித்தளையில் முலாம் பூசிய போலி அதில் பாதியளவே காட்டும். எனினும் இச்சோதனைக்கும் எல்லையுண்டு. ஏறத்தாழ 0.35 கிராம் எடையுள்ள கண்டீரவப் பணம் விலக்கும் நீர் 0.02 கிராம் அளவே; அதனை நம் சிறு தராசு பிழையின்றிக் காட்டாது. செதில் உதிரும் பழஞ்செம்பை நீரில் இடுதலும் கூடாது.

6. போலியும் பொய்யுரையும்

ஒருபுறம் இராமர், சீதை, அனுமன் உருவங்களும், மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்னும் ஆண்டும் பொறித்த 'அரை அணா'க்கள் பல வீடுகளில் பூசைக்குரியனவாக உள்ளன. கம்பெனியின் நாணயசாலை எதுவும் இவற்றை வெளியிட்டதில்லை. இவை பிற்காலத்தில் செய்யப்பட்டவை. பத்தி வேறு, நாணயவியல் வேறு. பூசைக்குரிய பொருளாக வைத்துக்கொள்வதில் தவறில்லை, இலட்சங்களை எதிர்பார்ப்பதே தவறு. பழங்காசை வாங்கித் தருவதாகக் கூறித் தன் பெயரால் கட்டணமும் வரியும் கேட்போரிடம் ஏமாறலாகாதென இந்திய ரிசர்வ் வங்கி 2021 இல் எச்சரித்துள்ளது. விற்குமுன் பணம் கேட்பவன் வாங்க வந்தவனல்லன்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். மண்ணில் புதையலாகக் கிடைத்த காசுகளை 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகள் 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது.

முடிவாக ஒன்று. 1891 இல் பெங்களூரை அடுத்த யஷ்வந்தபுரத்தில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவை உருக்கப்பட்டிருப்பின் சில பலம் வெள்ளி மட்டுமே எஞ்சியிருக்கும்; காக்கப்பட்டமையால் கடல் கடந்த பண்டைய வாணிகத்துக்குச் சான்றாயின. தங்கவயலின் தகரப்பெட்டியும் அத்தகையதே. ஒவ்வொரு காசையும் தனித்தனித் தாளுறையில் இட்டு, எடை, ஒப்படர்த்தி, எழுத்து, ஆண்டு ஆகியவற்றோடு அதனைக் கொணர்ந்தவர் யார், எவ்வூரிலிருந்து என்பதையும் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். ஐயமுள்ளவற்றைப் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்திலோ சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலோ உள்ள அறிஞரிடம் காட்டலாம். காசின் உலோகத்தை எத்தராசும் பின்னரும் சொல்லும். அதனைக் கொணர்ந்தவரின் வரலாற்றை முதியோர் உள்ளபொழுதே கேட்டறிதல் வேண்டும்.