ரத்தம் எடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்

மரபணு ஆலோசனைப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

ஒரு நோய்க்குக் காரணம் தேடிப் பிள்ளையின் மரபணுக்கள் அனைத்தையும் வாசிக்கும்போது, தேடாத செய்திகளும் கண்ணில் படும். எதைத் தெரிந்துகொள்வது, எதை விடுவது என்று குடும்பம் முடிவெடுக்க நீங்கள்தான் துணை.

1. ரத்தம் எடுக்கும் முன்பே பேசி முடியுங்கள். ரிசல்ட்டைக் கேட்ட பிறகு 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிப் பயனில்லை.

2. நோய்களைப் பிரித்துக் காட்டுங்கள். பரம்பரையாக வரும் பெருங்குடல் பாலிப் நோய்க்கு 10–12 வயதிலேயே கொலனோஸ்கோப்பி தொடங்க வேண்டும். அதைச் சிறுவயதிலேயே அறிவது நல்லது. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பிறழ்வு உள்ள பெண்களுக்கு மார்பக ஸ்கேன் பொதுவாக 25 வயதில்தான் தொடங்கும், அது காத்திருக்கலாம். ஹண்டிங்டன் என்ற மூளை நோயைத் தடுக்க இன்றும் மருந்தில்லை. அறிகுறி இல்லாத சிறார்களுக்கு அந்தச் சோதனை கூடாது என்பதே பன்னாட்டு நெறி.

3. பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். அம்மா படிவத்தில் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டுக்கொண்டே போவார். பக்கத்தில் மகள் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா வெளியே போனதும்தான் கேட்பாள்: "பாட்டிக்கு வந்தது எனக்கும் வருமான்னு இப்பவே தெரிஞ்சுக்கணுமா மேடம்?"

4. பெற்றோரின் பயத்தையும் மதியுங்கள். மகளிடம் பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு இருந்தால், அது பெரும்பாலும் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்து வந்தது. அவர்களுக்கு இன்றே கண்காணிப்பு தேவைப்படலாம். அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013இல் 56 மரபணுக்களைப் பட்டியலிட்டு, அவற்றில் தேடாமலே தெரியவரும் பிறழ்வுகளை வயது பாராமல் சொல்லச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். 2014இல் 'வேண்டாம்' என்று விலகவும் இடம் கொடுத்தது. குடும்பத்தில் புற்றுநோய் இருந்தால் பெரியவர்களை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

5. கேரியர் (ஒரு பிறழ்ந்த மரபணுவை மட்டும் சுமப்பவர்) என்றால் நோயாளி அல்ல என்பதை விளக்குங்கள். தாய், தந்தை இருவரும் தலசீமியா கேரியராக இருந்தால்தான் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் வர 25% வாய்ப்பு. கல்யாணப் பேச்சில் ஒரு பெண்ணை ஒதுக்க இது காரணமாகக் கூடாது.

6. கருத்து வேறுபட்டால் அவசரப்படுத்தாதீர்கள். இப்போதே சிகிச்சை உள்ள நோயென்றால் பெற்றோர் பக்கம் நின்று பிள்ளைக்குப் புரியவையுங்கள். மற்றவற்றில் பிள்ளையின் 'வேண்டாம்' நிற்கட்டும். 18 வயதில் மீண்டும் வந்து கேட்கலாம் என்று கோப்பிலும் எழுதி, பிள்ளையிடமும் சொல்லி அனுப்புங்கள்.

அந்த உடம்போடு வாழப்போவது பிள்ளைதான். அதன் குரலைக் கேட்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்காதீர்கள்.